நூறு சதவீத மூட்டு

புதுச்சூலூரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் நடந்து காட்ட வேண்டும். செவ்வாயின் அந்தக் குடியிருப்பில், சும்மா உட்கார்ந்து காற்றைத் தீர்ப்பவர்களுக்கு இடமில்லை. மூன்று கிலோமீட்டர் குகைப்பாதையைக் கடந்தால் தங்கலாம். முடியாதவர்களுக்கு அடுத்த கப்பலில் பூமி. மாரப்பனின் வலது முழங்காலோ நூறு அடியிலேயே மடங்கிக்கொண்டது. மகள் நித்திலா இங்கே, தான் மட்டும் அங்கேயா?

மூட்டுப் பட்டறைக்குப் போனார். அங்கே உலோகத்தைக் கடைந்து உடலுறுப்பு செய்வது ஒரு ரோபோ. கடைசலி என்பார்கள். பொருத்திய அன்றே நடக்கலாம் என்பது அதன் பெருமை. பொய் சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது. செய்தவர்கள் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

"அலுமினியம் சுலபமாகக் கடையும், உங்கள் எடைக்கு வளைந்துவிடும்," என்றது கடைசலி. "பித்தளை இன்னும் அழகாகக் கடையும். ஆனால் உடம்புக்குள் வைக்க ஆகாது. டைட்டானியம்தான் சரி. சூடேறி உளியின் முனையைத் தின்னும். குளிர்நீர் ஊற்றி மெதுவாகக் கடைவேன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாது."

"சுத்த டைட்டானியந்தானுங்களே?"

"இல்லை. தொண்ணூறு பங்கு டைட்டானியம், ஆறு அலுமினியம், நான்கு வனேடியம்."

மாரப்பன் எழுந்துவிட்டார். "அப்ப பத்துல ஒரு பங்கு கலப்படமுங்களா?"

"கலந்தால்தான் உறுதி. சுத்தமானது அந்த அளவு தாங்காது."

"பூமியில மொளகாய்த்தூள் வித்தவனும் இதையேதானுங்க சொன்னான்."

அவர் சம்மதமில்லாமல் மூட்டைப் பொருத்துவதற்குச் சட்டம் இடம் தராது. நித்திலா ஓடி வந்து கெஞ்சினாள். "அப்பா, நாலு நாள்தான் இருக்குது. அது சொல்றதைக் கேளுங்க."

"கலப்படத்தை வயித்துல போட்டது பத்தாதா கண்ணு? கால்லயும் போடோணுமா?"

கடைசலிக்கு இந்த மனிதர் விளங்கவில்லை. அன்று மாலை, பூமியின் பழைய கடைகளில் விற்ற பொட்டலங்களின் படங்களையெல்லாம் தேடிப் பார்த்தது. காலையில் அதே கலப்பு உலோகத்தில் கடைந்த மூட்டைப் பெட்டியில் வைத்து நீட்டியது. பெட்டியின் மேல் ஒரு பச்சை இலைப் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் '100%'. எதில் நூறு என்று அது எழுதவில்லை.

மாரப்பனும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "இதைத்தானுங்க அப்பவே கேட்டேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் மூன்று கிலோமீட்டரையும் நடந்து முடித்தார். கடைசிக் கதவருகே நின்ற மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மூட்டு இம்மியும் பிசகவில்லை.

மறுநாள் பட்டறை வாசலில் பதினேழு பேர் வரிசை கட்டினார்கள். முதலில் நின்றவர் மாரப்பனின் பங்காளி செல்லமுத்து. கடைசலி அவர் கால்களைச் சோதித்துப் பார்த்தது. இரண்டு மூட்டிலும் ஒரு குறையும் இல்லை.

"அது தெரியுமுங்க," என்றார் செல்லமுத்து. "மாரப்பனுக்கு நூறு வெச்சீங்களாமா. எனக்கு நூத்திப்பத்து இருந்தாச் சொல்லுங்க, ஒரு வாரங்கூடக் காத்திருக்கறேன்."