கப்பலோடு கூட வருவது

கருவியை அணைத்துவிட்டார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சுஹைராவுக்கு அது காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. ஆழ்கடலின் அடியை வரைபடமாக்கப் போன ஆய்வுக் கப்பல், அன்று காலையில்தான் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்து கட்டியிருந்தது. பயணம் முழுக்க அதன் வயிற்றிலிருந்து ஒரு கீச்சொலி கீழே போகும். இருட்டிலே எங்கோ முட்டி, ஆறுதலாகத் திரும்பி வரும். அந்த ஒலிக்குள்ளேயே தின்று, தொழுது, தூங்கினார்கள். இப்போது கேள்வி நின்றுவிட்டது. பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மேல்தட்டில் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். டீசல் மணத்துக்குள், தின்னப் பொரித்த ரோல்ஸின் வெங்காய மணம் கலந்து வந்தது. சீனன்குடாப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுஹைரா ஒன்றையும் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வரைபடத்தைத் துப்புரவாக்குவதுதான் அவளுடைய வேலை. கருவி பிழையாகக் கேட்ட புள்ளிகளைத் தேடி அழிக்கவேண்டும். புறப்பட்ட நாளிலிருந்தே கப்பலுக்கு நேர் கீழே கடலடியில் ஒரு மேடு தெரிந்தது, குனிந்த முதுகு மாதிரி. கப்பல் எங்கே போனாலும் அங்கே அது இருந்தது.

"மலை நடக்காது, சுஹைரா," என்றார் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பிரசாந்தன். "கப்பலோட கூட வாறதெண்டால் அது கருவியின்ர பிழை. அழியுங்கோ."

அந்தத் தொழிலில் எவரும் அதைத்தான் சொல்வார்கள். அவளும் அழித்தாள். கை அலுத்தபோது, அதைத் தானாகவே அழிக்கக் கணினிக்குப் பழக்கியும் விட்டாள். ஆனால் நாளுக்கு நாள் அந்த முதுகு உயர்ந்து வந்தது. அதைச் சொன்னபோது சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் பிரசாந்தன் கேட்டார்: "உங்கட மேடு என்ன பூனையோ? மீன்வால் ஏதும் போட்டனீங்களோ, விடாமல் பின்னால வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்போது நெஞ்சை எரித்தது தன்னுடைய அந்தச் சிரிப்புத்தான்.

"ராத்தா, என்ன முகம் இது? ரோல்ஸ் ஒண்டும் தரல்லியா?"

றுவைஸ். அவளுடைய சொந்தத் தம்பி. கிண்ணியாவில் பேர்போன சுழியோடி. கப்பலின் அடியில் கருவித் தகடுகளில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீ இறங்காத."

"மஃரிப் தொழுகைக்கு முதல் வாறன் எண்டு ரிஸ்னாட்டச் சொல்லிட்டு வந்தனான். பிந்தினால் அவ என்னைக் கடல்லயே விட்டிருவா," என்று மனைவியின் பேரைச் சொல்லிச் சிரித்தான்.

அவள் பிரசாந்தனிடம் திரும்பினாள். "சேர், இண்டைக்கு வேணாம். கீழ என்னவோ நிக்குது."

"நாளைக்குக் கப்பலை ஒப்படைக்கோணும். உங்கட பூனையைத் தம்பியே பாத்துச் சொல்லட்டும்."

கப்பலின் கீழே ஆள் இறங்கினால் ஒலி அனுப்பும் கருவியைப் பூட்டிவிடுவார்கள். கிட்ட நிற்பவனின் காதை அது கிழித்துவிடும். அந்தப் பூட்டின் திறப்பை இறங்குகிறவனே கொண்டுபோவான். றுவைஸ் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். வேலை முடிந்தால் கப்பலின் அடியில் மூன்று தட்டுத் தட்டுவான். மேலே நிற்பவர்கள் குதிக்காலால் மூன்று தட்டினால், ஏறி வருவான்.

இடுப்பில் கயிற்றோடு இறங்கினான். தண்ணீர் மூடிக்கொண்டது.

சுஹைரா கருவி அறைக்குள் போனாள். ஒலி அனுப்பத்தான் திறப்பு வேண்டும்; கேட்பதற்கு வேண்டாம். கேட்கும் பகுதியை மட்டும் திறந்தாள். ஒலியே அனுப்பாதபோது திரையில் ஒரு கோடுகூட விழக்கூடாது.

விழுந்தது.

கடலடி. அதன்மேல் அந்த முதுகு. அதற்கு மேலே அரிசிமணி அளவில் ஒரு புள்ளி. தம்பி.

முதுகு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. மணியைத் தொட்டது.

அப்போது கணினி, அவள் பழக்கிய வேலையைச் செய்தது. கப்பலுக்கு நேர் கீழே இருந்ததை அழித்தது. முதலில் முதுகை. பிறகு மணியை.

திரை நீலமாக, தட்டையாக, துப்புரவாகக் கிடந்தது.

அவள் ஓடினாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பாரமே இல்லை.

தட். தட். தட்.

"பாருங்கோ, தம்பி முடிச்சிட்டார்," என்று பிரசாந்தன் குதிக்காலைத் தூக்கினார்.

"தட்டாதீங்க."

தட்டினார். மூன்று தரம்.

கயிற்றின் நுனி மேலே வந்தது. அதில் ஆள் இல்லை. திறப்பு மட்டும், இறுக்கி முடிந்திருந்தது.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஈரத் திறப்பைப் பிரசாந்தனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து, நோக நோக நெரித்தாள்.

"இப்ப அழியுங்கோ, சேர்."

பதில் வந்தது. கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனைவரை, எல்லோருடைய காலுக்கும் கீழே, ஒரே நேரத்தில். மூன்று. மூன்று. மூன்று.

பட்டினத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. இறங்குபாலம் கரையிலிருந்து கழன்று, தண்ணீரில் விழுந்தது. கட்டியிருந்த வடங்கள் விறைத்து முறுகின. கடலில் வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. துறைமுகம் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அதிலிருந்து கப்பல் மட்டும் உயர்ந்துகொண்டிருந்தது. நீர்மட்டக் கோடு வெளியே வந்தது. அதன் கீழே, சிப்பி மூடிய கறுத்த அடிவயிறு, தண்ணீர் ஒழுக ஒழுக, மெல்ல, ஒரு கையில் ஏந்தினாற்போல.