ஊர்மனைக்கு ஆறு டயர்

அச்சுப்பூட்டுக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஆறு டயர்களையும் மாற்றாவிட்டால், குடியிருப்பு நிர்வாகம் சண்முகவேலின் வீட்டுச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வீட்டைத் தரையோடு சேர்த்துப் பூட்டிவிடும். செவ்வாயின் தென்மேட்டில் அது வழக்கமான நடவடிக்கைதான்.

அங்கே எல்லா வீடுகளும் ஊர்மனைகள். காற்று, தண்ணீர், சமையலறை, படுக்கை எல்லாவற்றோடும் ஓடக்கூடியவை. கடுங்குளிரிலும் இறுகாத மென்ரப்பர் வந்த பிறகு, நின்ற இடத்திலேயே நிற்கும் வீட்டை யாரும் வாங்குவதில்லை. மென்ரப்பரின் ஆயுள் பூமிக் கணக்கில் ஒன்பது ஆண்டு. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

சண்முகவேல் டயர் பார்க்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கல்தரைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. மாலையில், காற்று நிரப்பிய பொதுக்கூடத்தில் ஆண்கள் கூடினால் இதே பேச்சுதான். ஒவ்வொரு டயரிலும் யாராவது ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். அவர் நிம்மதியாக வீடு திரும்புவார்.

மகள் பவளம் கல்யாணமானதும் மாப்பிள்ளையின் ஊர்மனையிலேயே போய், தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தாக்கு நகரில் இருந்தாள். அடுத்த மாதம் பிரசவம். ஊர்மனை தவிர அங்கே போக வேறு வண்டி கிடையாது.

"இந்தத் தடவையாவது பாதி வழியில திரும்பிராதீங்கப்பா," என்றாள் வானொலியில்.

"போன ரெண்டு தடவையும் டயர் காலை வாரிட்டும்மா. அதான் இப்பப் பார்த்துப் பார்த்து எடுக்கேன்."

அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கோமதி கணவரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை டயர்மாட்டி வந்தது. நான்கு கைகள் கொண்ட இயந்திரம். அச்சிட்ட தமிழில் பேசும்.

"இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சொன்னால், பொருத்தமான டயரைச் சொல்லிவிடுவேன்."

"ஓடிருக்கு. நல்லாவே ஓடிருக்கு," என்றார் சண்முகவேல். "மணல் டயர் கல்லுல கிழியும்ங்காங்களே?"

"வேகமாகப் போனால் கிழியலாம்."

"கல் டயரு?"

"மணலில் புதையலாம்."

"பாத்தியா!" என்று அவர் மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தேன், பாத்தேன். ஏழு மாசமா அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பழைய டயர்களைக் கழற்றுவதற்காக இயந்திரம் வெளியே சென்றது. ஜாக்கி வைக்க, முன்சக்கரத்தை மூடியிருந்த செம்மண்ணைத் தள்ளியது. பிறகு நின்றுவிட்டது. அதன் குரல் வீட்டுக்குள் கேட்டது.

"சக்கரங்களுக்கு முன்னால் சிறு உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. உலர்ந்தவை. இவை எந்தப் பாகம்?"

சண்முகவேல் ஜன்னலை விட்டு நகர்ந்தார்.

"எலுமிச்சம்பழம்," என்றாள் கோமதி. "ஆயுத பூஜைக்கு வச்சது. வண்டி கிளம்பும்போது நசுங்கணும்."

"ஒரு சக்கரத்துக்கு ஒன்பது இருக்கின்றன. வருடத்துக்கு ஒன்றா?"

அவள் ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தாள்.

"அகற்றட்டுமா?"

"வேண்டாம். இருக்கது இருந்த எடத்துல இருக்கட்டும். உங்கிட்ட இப்ப எந்த டயர் இருக்கு?"

"மணல் டயர்."

"அத மாட்டு."

"ஏளா, பொது டயர் என்ன வெலைன்னு ஒரு வார்த்தை..."

"பிள்ளை பொறந்து, நடந்து, அதுவே நம்மளத் தேடி வந்துரும். மாட்டச் சொல்லுங்க."

"மாட்டுப்பா," என்றார் சண்முகவேல்.

வேலை முடிந்ததும், கழற்றிய டயர்களைத் தடவிப் பார்த்தது இயந்திரம்.

"இந்தக் குடியிருப்பில் நான் கழற்றும் எந்த டயரும் தேய்ந்திருப்பதில்லை," என்றது. "உங்கள் மக்கள் மிக நிதானமாக ஓட்டுகிறார்கள்."

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"காத்து எவ்வளவு இருக்குன்னு இன்னொரு தடவ..."

"அழுத்துங்க."

அழுத்தினார். தரைக்கு அடியில் நறுக்கென்று ஏதோ நொறுங்கியது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. சமையலறையில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. பக்கத்து வீட்டு ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. நிர்வாகத்தின் அபாய மணி அலறியது. வீடு நகர்வதை நிலச்சரிவு என்று எடுத்துக்கொண்டிருந்தது அது.

திறந்தே இருந்த வானொலியில் பவளம் பதறினாள். "என்னப்பா அங்க சத்தம்? டயர் மறுபடி ஏமாத்திட்டா? பாதி வழியில திரும்பப் போறீங்களா?"

சண்முகவேல் கண்ணாடி வழியே பார்த்தார். முன்னால் சிவந்த சமவெளி எந்தக் குறையும் இல்லாமல் விரிந்து கிடந்தது. கோமதி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கப்பா ஒரு நாளும் பாதி வழியில திரும்பலட்டி," என்றாள். "இந்த வீடு இப்பத்தான் மொதத் தடவையா நகருது."