சாய்வான வெட்டு

ஒன்பது நாளாகியும் ஏழாம் ஜாடியில் தண்ணீர் நூலளவுகூட இறங்கவில்லை. பூவோ, அப்போதுதான் பறித்ததுபோல் நின்றது.

வெட்டிய பூ ஜாடியில் எத்தனை நாள் வாடாமல் தாங்குகிறது என்று பார்த்துக் குறிப்பதுதான் அவள் வேலை. தண்டின் அடி அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. மூன்று நாளுக்கொரு தரம் அதைக் கத்தியால் சாய்வாக வெட்டிவிட வேண்டும். இதற்கு அதுவும் தேவைப்படவில்லை. விளக்குகளின் ரீங்காரமும் ஊறிய தண்டுகளின் புளித்த வாடையும் பழகிப்போன அந்த அறையில், இந்த ஒரு ஜாடியை மட்டும் அவள் இரண்டிரண்டு தரம் அளந்து பார்த்தாள்.

புது இனம். பெயர் இல்லை. ஜாடியின் அட்டையில் இப்போதைக்கு ஏதாவது எழுதிவைக்கச் சொன்னார் மேலாளர். இவளும் போகிற போக்கில் மகளின் செல்லப்பெயரை எழுதித் தொலைத்திருந்தாள். சிட்டு.

வீட்டில் ஏழு வயதுச் சிட்டு ஒன்பது நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். குடிக்கக் குடிக்க உதடு வெடித்தது. கன்னம் சுருங்கியது. வெயில்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார் மருத்துவர், பாவி மனுஷன். இன்று காலை சீப்போடு முடி கொத்தாக வந்தது, இதழ் உதிர்வதுபோல, வலியே இல்லாமல்.

அவள் அட்டையைப் படித்தாள். சிட்டு. ஒன்பதாம் நாள். வாட்டமில்லை.

அங்கே மகள் குடிக்கிறாள். இங்கே பூ நிற்கிறது.

அட்டையைக் கிழித்தாள். சுக்குநூறாக. கண்ணெதிரே பூ தலை தொங்கி, இதழ்களைக் கொட்டியது. உடனே கைபேசி அடித்தது. கணவன். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.

"புள்ள எந்திரிச்சிட்டா. கன்னமெல்லாம் மினுமினுன்னு இருக்கு. சீக்கிரம் வா."

மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பட்டப்பகல். தெருவெல்லாம் வெளிச்சம். என் தங்கம் பிழைத்துவிட்டது, பிழைத்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் புளித்த வாடை.

குளியலறை வாசலில் கணவன் நின்றான். உள்ளே சிட்டு. வாளிக்குள். முழங்கால் வரை தண்ணீர். முதுகு விறைப்பாக, முகம் விளக்கை நோக்கி.

பழக்கதோஷம், அவள் கண் முதலில் தண்ணீர் மட்டத்துக்குப் போனது. வாளியின் உட்புறத்தில் ஈரக்கோடு. அதற்கு நாலு விரல் கீழே தண்ணீர். இறங்கியிருக்கிறது. இப்போது இறங்கவில்லை. நின்றுவிட்டது.

குழந்தையின் கழுத்து மெல்லச் சாய்ந்தது.

"அம்மா, அடைச்சுக்கிச்சு. காலைக் கொஞ்சம் சாய்வா வெட்டி விடும்மா."

அவள் கை, தன்பாட்டுக்கு, மேலங்கிப் பையில் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தது.