யாருடி அந்தக் குரல்காரி?

சிரிக்கிறார்!

காபி டம்ளரோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள் அவள். காலை நேரத்தில் இந்த மனுஷன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. ரேடியோ, ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். முகமும் எப்போதும் பழுதுக்கு வந்த ரேடியோ மாதிரிதான் இருக்கும். இன்றைக்கோ காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டோரமாய்...

“காபி...”

அவர் திடுக்கிட்டு இயர்போனைப் பிடுங்கினார். “வச்சுட்டுப் போயேன்!”

“என்ன கேக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. கடை வேலை.”

கடை வேலைக்கு எவனாவது இப்படி வழிவானா? மூன்று நாளாய் இதே கூத்து. தட்டில் சோறு ஆறிப்போனாலும் காதிலிருந்து அது இறங்குவதில்லை.

அடுப்படிக்குத் திரும்பினால் அங்கே நாத்தனார். லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், வெங்காயம் உரிக்கிறேன் பேர்வழி என்று வம்பை உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, அண்ணன் முகத்துல திடீர்னு ஒரு களை? சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க... இந்த வயசுலதான் ஆம்பளைங்களைக் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாத்துக்கணும்!”

“வாயை மூடிட்டு வெங்காயத்தைப் பாருடி,” என்று கைத்தடியோடு நாற்காலியில் இருந்த மாமியார் அதட்டினாள். ஆனால் நெருப்பு பற்றிவிட்டது.

அவர் குளிக்கப் போனதும் அவள் அறைக்குள் நுழைந்து, அவர் போனோடு கிடந்த இயர்போனைக் காதில் வைத்து ஓடவிட்டாள்.

சிரிப்பு! கலகலவென்று ஒரு பெண்ணின் சிரிப்பு...

“ஐயோ, அவரா? ஏணியில ஏறினா இறங்கவே மாட்டேங்கிறாருடி! நான் பேசி முடிக்கிற வரைக்கும் மேலயே நிக்கிறாரு. எனக்கா புரியாது?”

அவர்! அவராமே!

என்ன குரல் அது! அடுப்புப் புகை படாத குரல். யாருக்கும் பயப்படாத குரல். ஒற்றைப் பின்னல், நகத்தில் பாலிஷ், யாராவது ஏதாவது சொன்னால் தலையைச் சாய்த்துச் சிரிக்கிற கழுத்து... முகமே தெரியாதவளை முழுசாக வரைந்துவிட்டாள் மனதுக்குள்.

தன் குரலை நினைத்துப் பார்த்தாள். ‘சாப்பிட வாங்க’, ‘மருந்து போட்டீங்களா அத்தை’, ‘கேஸ் தீரப்போகுது’. இந்த மூன்றைத் தவிர அது என்ன பேசுகிறது இந்த வீட்டில்? இதை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைத்தானே எந்த ஆம்பளையும் கேட்பான்! அப்படித் தோன்றியதுதான் தாங்கமுடியவில்லை. புருஷன் மேல்கூட அத்தனை கோபம் இல்லை. அவள் மேல்தான்... அந்தச் சிரிப்புக்காரி மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது கூடத்தின் நடுவில் நின்றாள். இயர்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, போனைச் சத்தமாக வைத்தாள்.

“ஏணியில ஏறினா இறங்கவே மாட்டேங்கிறாருடி!” வீடு முழுக்கச் சிரித்தது அந்தக் குரல்.

“யாரு இவ?” அவள் கத்தினாள். “சொல்லுங்க! உங்க அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளின கைங்க இது... அதுக்கு நீங்க செய்யுற மரியாதையா? யாரு இந்தக் குரல்காரி? எங்க பிடிச்சீங்க இவளை?”

அவர் துண்டை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மாமியார்தான் முதலில் சிரித்தாள். இருமல் வருமளவுக்குச் சிரித்தாள். “அடி கிறுக்கச்சி... அது நீதான்டி!”

“விளையாடாதீங்க அத்தை! என் குரல் எனக்குத் தெரியாதா?”

“தெரியாதுதான் அண்ணி,” நாத்தனாரின் முகம் மாறியிருந்தது. “வெளியில நின்னு கேட்டா யாருக்கும் தன் குரல் தெரியாது. நீங்க அந்தப் பெரிய கடையில மைக்குல அறிவிப்பு சொல்லிட்டு இருந்தீங்கல்ல... எங்களுக்கெல்லாம் நல்லாத் தெரியுமே!”

அவள் கையிலிருந்த போனை நாத்தனார் வாங்கி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு... மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பையன் ஒருத்தர் தன் அம்மாவைத் தேடிக்கிட்டு...”

அவள் உதடு தானாக அசைந்தது. குரல் சொல்வதற்கு முன்பே அடுத்த சொல் அதில் வந்து நின்றது. “...இரண்டாவது மாடியில் காத்திருக்கிறார்.”

நானா? நானா அது?

“பழைய சாமானை எல்லாம் அந்தக் கடைக்காரங்க என்கிட்ட தள்ளிவிட்டாங்க,” அவர் முனகினார். “அதுல ஒரு கேசட் இருந்துச்சு, போன்ல ஏத்திக்கிட்டேன். நீ மைக்கை அணைச்சுட்டு, பதிவை அணைக்காம அரட்டை அடிச்சிருக்கே. அங்க ஸ்பீக்கர் மாட்ட வந்த அந்த ஏணிக்காரன்... நான்தான்.”

“அப்புறம் ஏன் ஒளிச்சு வச்சு கேட்டீங்க?”

“இந்தச் சிரிப்பை... நம்ம வீட்டுல நான் கேட்டதே இல்லையேம்மா.”

“எப்படிக் கேப்பீங்க? அத்தை இடுப்பு ஒடைஞ்சு படுத்தாங்க, வேலையை விட்டுடுன்னு அத்தைதான் சொன்னாங்கன்னு வந்து நின்னீங்க. விட்டேன்!”

டொக்! கைத்தடி தரையில் இடித்த வேகத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

“நானா சொன்னேன்? டேய், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா! ஒரு ஆளைப் போட்டுக்குறேன், அவ வேலைக்குப் போகட்டும்னுதானே நான் சொன்னேன்? ‘ஊரே நின்னு அவ குரலைக் கேக்குது, எனக்குப் பிடிக்கல’ன்னு பொருமினது யாரு? ஏணியில நீ நின்னே... நாளைக்கு இன்னொருத்தன் நிப்பானேன்னு உனக்குப் பொறாமைடா!”

“ஆமாம்மா... பொறாமைதான்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

அவள் மாமியாரின் பக்கம் திரும்பினாள். எத்தனை வருஷம்... எத்தனை தடவை இந்தக் கிழவியை மனதுக்குள் வைதிருப்பாள்!

“அத்தை... நீங்கதான் என்னைக் கட்டிப்போட்டீங்கன்னு நினைச்சு உங்களைச் சபிச்சேனே!”

“தெரியும்டி. நீ டம்ளர் வைக்கிற சத்தத்துலயே தெரியும்,” மாமியாரின் குரல் உடைந்தது. “பெத்த பிள்ளையைக் காட்டிக்குடுக்க மனசு வரல. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போன்னு இருந்துட்டேன். என்னைத் தூக்கி நடக்க வச்ச மகராசி... உன்னை நாங்க உக்கார வச்சுட்டோமேடி!”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள், வெங்காயம் என்று சொல்லிக்கொண்டே.

“என்னை மன்னிச்சிடு...” என்று கிட்டே வந்தார் அவர்.

அவள் கண்ணைத் துடைத்தாள். “அவளைப் பாத்து அன்னிக்கு நீங்க பொறாமைப்பட்டீங்க. இன்னிக்கு நான் பட்டேன். பாவம் அவ... யார் மேலயும் பொறாமைப்படாம சிரிச்சுட்டு இருந்தா. நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளைத் தொலைச்சோம். நீங்க விட்டுட்டு வான்னு சொன்னீங்க, நானும் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.”

அறைக்குள் போனவள் வேறு புடவையில் வந்தாள். கூந்தலை இழுத்துப் பின்னலாய்ப் போட்டிருந்தாள். வாசலில் செருப்பைத் தேடினாள்.

“எங்கேம்மா கிளம்பிட்டே?” என்றார் அவர்.

“அந்தக் கடைக்கு. மைக் இன்னும் இருக்கான்னு கேக்கப் போறேன். இல்லேன்னா பஸ் ஸ்டாண்டு, அங்கயும் இல்லேன்னா வேற இடம். குரல் கரகரன்னு இருந்தா என்ன, அது என்னோடது.”

“எனக்குச் சாப்பாடு?” என்று கேட்க வாயெடுத்த நாத்தனாரைத் தடி முனையால் இடித்தாள் மாமியார்.

அவர் தயங்கித் தயங்கி, “நானும்... கூட வரட்டுமா?” என்றார்.

படியிறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். கரகரப்போடு, கொஞ்சம் ஈரத்தோடு, அந்தச் சிரிப்பு வெளியே வந்தது. போனிலிருந்து அல்ல!

“வாங்க. ஆனா ஏணியோட வாங்க... நான் பேசி முடிக்கிற வரைக்கும் இறங்கக்கூடாது!”