அவள் அடைத்த ஓட்டை

கதவை உடைத்துத் திறந்தபோது அவள் வாசலை ஒட்டியே கிடந்தாள்.

விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. பாவி மகள், கதவை அவ்வளவு பிறாண்டியிருக்கிறாள்!

தீயே பிடிக்காத சர்வர் அறையில் தீயணைக்கும் வாயு திறந்துவிடப்பட்டிருந்தது. கதவும் பூட்டிக்கொண்டது. மூச்சு முட்டிச் செத்தாள்.

வாயுவைத் திறந்த உத்தரவு ஒரு லேப்டாப்பிலிருந்து வந்திருந்தது.

அவள் கணவனின் லேப்டாப்!

அந்தக் கட்டடத்தின் கதவு, கரண்ட், ஏ.சி. எல்லாவற்றையும் வீட்டிலிருந்தபடியே இயக்குகிற பராமரிப்பு இன்ஜினீயர் அவன். அன்றைக்கே பிடித்து உள்ளே வைத்தார்கள். ஊரே காறித் துப்பியது.

ஒரே ஒருத்தி மட்டும் துப்பவில்லை. செத்தவளின் அக்கா. தொழில், வக்கீல்.

"மேடம், செத்தது உங்க கூடப்பிறந்த தங்கச்சி. கொன்னவனுக்கு நீங்களே வக்காலத்தா?" இன்ஸ்பெக்டர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

வக்கீல் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொன்னவனுக்கு இல்ல சார். மாட்டிவிடப்பட்டவனுக்கு!"

"உத்தரவு அவர் லேப்டாப்ல இருந்துதான் போயிருக்கு."

"லேப்டாப்ல இருந்து போச்சு. அவர் கையில இருந்து போகல. இதோ, இவரைக் கேளுங்க!"

எதிரே உட்கார்ந்திருந்த எம்.டி. திடுக்கிட்டார். தங்கை வேலை பார்த்த கம்பெனி அவருடையது. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரை நம் திரையில் பார்த்து, இங்கிருந்தே இயக்க உதவும் சாஃப்ட்வேரை விற்கிறவர். அதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். கண்டுபிடித்தால் திட்டு!

"உங்க சாமான்ல ஓட்டை இருக்குன்னு என் தங்கச்சி சொன்னாளா, இல்லையா? அவ புருஷன்தான் எனக்குச் சொன்னார்!"

"சொன்னாங்க... எல்லாம் கற்பனை! எங்க சாஃப்ட்வேர்ல ஓட்டையே கிடையாது!"

"என்ன ஓட்டை? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் 'ஒரு தம்ளர் தண்ணி தர்றேன்'னு சொல்லிட்டு ஒரு குடத்தைக் கவுக்கும் சார். நம்ம கம்ப்யூட்டர் அளந்து பாக்காம தம்ளரை நீட்டும். வழியறது பக்கத்து மெமரியில போய் விழும். அப்படி வழியறதுல ஒரு கட்டளையை ஒளிச்சு வெச்சா... அப்புறம் நம்ம கம்ப்யூட்டர் நம்ம பேச்சைக் கேக்காது. அவன் பேச்சைக் கேக்கும்!"

"அதாவது... எட்டிப் பாக்கப் போனவன் வீட்டுலயே திருட்டு?"

"அதேதான்! தங்கச்சி புருஷன் வழக்கம்போல கட்டடத்து மெஷினோட கனெக்ட் பண்ணியிருக்கார். அங்க காத்திருந்தவன் அவர் லேப்டாப்புக்குள்ள புகுந்து, அங்க இருந்தே உத்தரவு போட்டுட்டான். அவரைத் தவிர இந்த ஓட்டை தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தி செத்துட்டா. இன்னொருத்தர் இங்க வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருக்கார்!"

"அபாண்டம்!" எம்.டி. எழுந்தே விட்டார்.

இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார். "சோடாபுட்டி!"

டிபார்ட்மென்ட்டின் கம்ப்யூட்டர் நிபுணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி வந்தான். கையில், தங்கை கம்பெனியில் கொடுத்துவிட்டுப் போன சோதனை புரோகிராம்.

"இதை இந்த மெஷின்ல ஏத்தியிருக்கேன் சார். ஓட்டை உள்ள லேப்டாப்ல இருந்து இதைத் தொட்டா, அந்த லேப்டாப்ல கால்குலேட்டர் தானா திறக்கும். 'உள்ள வந்துட்டேன்'னு காட்ட எங்க தொழில்ல அதான் பழக்கம்."

எம்.டி.யின் லேப்டாப்பை இணைத்தார்கள்.

டப்பென்று கால்குலேட்டர் திறந்தது!

எம்.டி.யின் வாயும் திறந்தது. மூட மறந்துவிட்டார். தன் சரக்கைத் தானே நம்பிய அபூர்வ வியாபாரி!

"ஓட்டை இருக்கு மேடம். ஜாமீனுக்கு நான் குறுக்க நிக்கல," என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீலுக்கு அது போதவில்லை. தங்கை தாலி கட்டிக்கொண்டவன் மேல் ஒரு தூசுகூட ஒட்டக் கூடாது.

"என் கட்சிக்காரர் லேப்டாப்லயும் செஞ்சு காட்டுங்க. நாளைக்குக் கோர்ட்டுல ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது!"

லாக்கப்பிலிருந்து அவனை அழைத்து வந்தார்கள். தாடி. குழிவிழுந்த கண்கள்.

"செய்யச் சொல்லுங்க அக்கா. எனக்கும் மனசு ஆறும்," என்றான்.

அவன் லேப்டாப்பின் போலீஸ் சீலை உடைத்தார்கள். இணைத்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் இணைத்தார்கள்... ம்ஹூம்!

சோடாபுட்டி குனிந்து எதையெதையோ தட்டினான். நிமிர்ந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"சார்... இது கடையில விக்கற சாஃப்ட்வேர் இல்ல. அளந்து பாத்துட்டு வாங்கற மாதிரி திருத்தியிருக்காங்க. திருத்தினது அந்தம்மாவோட ஆபீஸ் மெஷின்ல இருந்து. அவங்க சாகறதுக்கு ரொம்ப முந்தியே."

வக்கீலுக்குப் புரிந்தது.

கம்பெனி வேண்டாமென்ற மருந்தை அவள் வேறு யாருக்கும் போடவில்லை. புருஷன் லேப்டாப்புக்கு மட்டும் சத்தமில்லாமல் போட்டிருக்கிறாள்!

"எனக்குத் தெரியாதே! அவ சொல்லவே இல்லையே!" அவன் அலறினான்.

"தெரிஞ்சிருந்தா இந்த ஓட்டைக் கதையை அவிழ்த்து விட்டிருப்பியா?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "உன் லேப்டாப்புக்குள்ள எவனும் வந்திருக்க முடியாது. நீ லேப்டாப்பை விட்டு நகரவே இல்லைன்னு வாக்குமூலம் குடுத்தவனும் நீதான்!"

"ஏன்டா?" வக்கீல் அவன் சட்டையைப் பிடித்தாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"அந்த ஓட்டையை ஒருத்தன்கிட்ட வித்துட்டேன். எப்படி உள்ள புகறதுன்னும் சொல்லிக் குடுத்துட்டேன். அவ கண்டுபிடிச்சுட்டா... போலீஸுக்குப் போவேன்னு நின்னா..."

பளார்!

அறைந்த கையை வக்கீல் தன் நெஞ்சிலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கொன்றவனை வெளியே கொண்டுவரவா இத்தனை நாள் நாயாய் அலைந்தோம்!

"உலகத்துலயே ஒரே ஒருத்தனைத்தான்டா அவ காப்பாத்தி வெச்சா! உன்னைத்தான்டா!"

அவன் காலில் விழுந்தான். "அக்கா! நீங்க என் வக்கீலு! கைவிட்டுடாதீங்க!"

அவள் காலை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"மேடம்... உங்க கட்சிக்காரர்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" இன்ஸ்பெக்டர் தயங்கிக் கேட்டார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி திரும்பினாள்.

"நல்ல வக்கீலாப் பாத்து வெச்சுக்கச் சொல்லுங்க சார். இருந்தவ தானே சோதனையைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டுட்டா!"