கண்ணாடிக்குப் பின்னால் நால்வர்

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும்கூட மக்கள் தங்கள் நிழலியைத்தான் அனுப்பினார்கள். ஒளியால் ஆன அந்த உருவம் உரியவரைப் போலவே சிரிக்கும், பேசும், வேளை வந்தால் கண்ணீரும் விடும். தொட்டால்தான் கை ஊடுருவிப் போகும்.

அதனால் நப்பின்னைக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை. புதுப் பொருள்களைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களை ஏற்பாடு செய்வது அவள் வேலை. போன மாதம் ஒரு பெண் ஒரே நேரத்தில் தலைமுடி எண்ணெய்க் கூட்டத்திலும் பக்கத்து அறையில் செருப்புக் கூட்டத்திலும் உட்கார்ந்து, செருப்பு நல்ல வாசனை என்று பாராட்டிவிட்டுப் போனாள். இன்னொரு குளறுபடி நடந்தால் வேலை இருக்காது என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

இந்த முறை குழந்தைகளுக்கான மூச்சுக்கவசம். காற்று குறைந்தால் அது ஒலி எழுப்பி, தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டும். நப்பின்னை அன்று வேறு கூட்டமே வைக்கவில்லை. மாதிரிக் கவசத்தை வீட்டில் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்திருந்த தாய்மார்களை முதல் நாளே அழைத்து, நேரத்தை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தாள். வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்தே உள்ளே விட்டாள்.

"என்னக்கா, கிள்ளியும் பாப்பீங்களா?" என்றாள் ரஹீமா என்ற இளம் தாய்.

"தப்பா நெனைக்காதீங்க. போன தடவ பட்டது போதும்."

ரஹீமாவின் கை வியர்த்திருந்தது. சந்தேகம் தீராமல் நப்பின்னை மறுபடியும் ஒருமுறை பிடித்தாள்.

இருண்ட கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கவச நிறுவனத்தின் அதிகாரிகள் நால்வர் அமர்ந்து கவனித்தார்கள். அவர்களுக்குத் தனி வாசல்.

"இந்தச் சத்தத்துக்கு எம்புள்ள எந்திரிக்கல," என்றாள் ரஹீமா. "மறுபடி மறுபடி வச்சுப் பாத்தேன். பொரண்டு படுத்துக்கிட்டான். நெசமாவே காத்து போயிருந்தா..."

மற்ற தாய்மார்களும் அதையே சொன்னார்கள். அதிகாரிகளிடமிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. நப்பின்னை கண்ணாடிக்குப் பின்னால் ஓடினாள். நால்வரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நாளைக்கு இது கடைக்கு வருது. நிறுத்தணும்."

"அருமையான கருத்து. கட்டாயம் பரிசீலிக்கிறோம்," என்றார் மூத்தவர், சிரித்த முகத்துடன்.

அந்தச் சிரிப்பு அவளை உறுத்தியது. அவர் தோளைத் தொட்டாள். விரல்கள் நாற்காலியின் முதுகில் போய் முட்டின. மற்ற மூவரும் அப்படியே.

மூத்தவரின் எண்ணுக்கு அழைத்தாள். "சார் வேற மீட்டிங்ல இருக்காரு," என்றது அவரது இன்னொரு நிழலி.

வெளியே தாழ்வாரத்தில் ரஹீமா காத்திருந்தாள். "நாங்க சொன்னத கேட்டாங்களாக்கா?"

யாருமே இல்லை என்று சொன்னால் கூட்டமே குளறுபடி என்றாகிவிடும்.

"கேட்டாங்க. கட்டாயம் பரிசீலிக்கிறோம்னாங்க."

"அப்பாடா! சரிபண்ணித்தான் விப்பாங்க. நாளைக்கே வாங்கிடறேன்."

ரஹீமா நடந்தாள். நப்பின்னை கூப்பிட வாயெடுத்தபோது காதில் மாட்டியிருந்த பேசியில் மேலதிகாரியின் குரல் ஒலித்தது.

"சபாஷ்! ஒரு குளறுபடி இல்லாம முடிச்சுட்டியே!"

"ரொம்ப நன்றி சார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை.