லீவு நாளில் எண்ணிய வேன்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் பாண்டிச்செல்வி தலைதெறிக்க ஓடினாள். ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம்! சிவகாசி வட்டாரத்தில் எந்தெந்த ஊருக்குப் பேட்டரி வேன் விடலாம் என்று அரசு அதிகாரிகள் திட்டம் போடுகிறார்கள்.

அவள் அம்மா பொன்மணி டீசல் வேனில்தான் பட்டாசு கம்பெனிக்குப் போய் வருகிறார். அந்தப் புகை அவருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. தினமும் தலைவலியோடுதான் வீடு திரும்புவார். புகையே இல்லாத வேன் வந்தால்? நினைக்கும்போதே பாண்டிச்செல்விக்குக் குதிக்கலாம்போல் இருந்தது.

சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. பேட்டரி வேன் வரும் ஊருக்கெல்லாம் பச்சைப் புள்ளி. அவள் ஊருக்கு மட்டும் புள்ளியே இல்லை!

"மேடம், எங்க ஊருக்கு ஏன் புள்ளி வைக்கல?"

"ஏ புள்ள செல்வி, சும்மா இரு!" என்று அதட்டினார் ஊராட்சித் தலைவர் பலவேசம்.

"கேட்கட்டும் சார்" என்றார் அதிகாரி ஸ்ரீமதி. "ஊருக்கு ஒரு வாரம்னு எண்ணிப் பார்த்தோம்மா. உங்க ரோட்டுல எண்ணின வாரம் கம்பெனி வேன் ஒண்ணுகூட வரலையே."

"எப்ப எண்ணுனீக?"

"தீபாவளி முடிஞ்ச மறுவாரம்."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப கம்பெனியெல்லாம் பூட்டிக் கிடக்குமே! எங்கம்மா வீட்ல குறட்டை விட்டுத் தூங்குனாகளே!"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. ஸ்ரீமதிக்கு முகம் சிவந்துவிட்டது. பாண்டிச்செல்விக்கு ஐயோ பாவம் என்றாகிவிட்டது. வெளியூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்?

கிட்டே போய் மெல்லச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல வாங்க மேடம். நானும் கூட நின்னு எண்ணுறேன்."

"கண்டிப்பா வர்றேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள திட்டத்தை அனுப்பணும்."

மறுநாள் காலை, வேன்கள் வரிசையாக உறுமிக்கொண்டு வந்தன. ஸ்ரீமதி விரல்விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்துபோயின.

"என் விரலையும் எடுத்துக்கோங்க மேடம்!"

பொன்மணி ஏறிய வேனில் ஸ்ரீமதியும் ஏறிக்கொண்டார். பாண்டிச்செல்வியும் தொற்றிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்குவதற்குள் ஸ்ரீமதிக்கு இருமல் வந்து, கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

பொன்மணி ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "குடிங்க தாயி. இம்புட்டுப் புகையையும் தெனமும் முழுங்கிட்டுத்தான் போறோம்."

ஸ்ரீமதி தண்ணீரைக் குடித்தார். பையில் மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து விரித்தார். பச்சைப் பேனாவைப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்து, "நீயே வை" என்றார்.

பாண்டிச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தி அழுத்தி வட்டமாகப் புள்ளி வைத்தாள்.

"அடடா! பக்கத்து ஊரே மறைஞ்சுபோச்சே!"

"மறையட்டும் மேடம். அவுகளும் இந்த வேன்லதான் வாராக!"